இரண்டு கையிலும் நாடி பாருங்கள்

2024 செப்டம்பர் 30 இரவு ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அடுத்த நாள் மருத்துவமனை வெளியிட்ட அறிக்கையில் விஷயம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம். மார்பைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, உள்ளே ஸ்டென்ட் பொருத்தி வீக்கத்தை அடைத்துவிட்டார்கள். சில நாளில் அவர் வீடு திரும்பினார். 'கபாலி'யையும் 'காலா'வையும் முதல் நாளே பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அது நிம்மதிதான். அந்த வாரம் டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், மின்சார ரயிலில் எங்கு பார்த்தாலும் 'அயோர்டா' என்ற சொல் அடிபட்டது. அப்புறம் 'வேட்டையன்' வந்தது, பேச்சு மாறிவிட்டது.

ரஜினிக்குக் கிடைத்த சிகிச்சையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்றைய மருத்துவத்தால் என்ன முடியுமோ அது அவருக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதும் அதுதான். நாகல்கேணியிலிருந்து ஒரு தோல் தொழிலாளியோ, தாம்பரம் மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரோ அதே ரத்தக்குழாயில் கோளாறோடு இரவு பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கேஷுவால்டிக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் அவருடைய வலியை என்னவென்று எழுதுவார்? பெருந்தமனி நோயில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பது ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு முன்பே, இந்த முதல் கால் மணி நேரத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். அயோர்டா என்கிற பெருந்தமனிதான் உடம்பின் மெயின் குழாய். இதயத்திலிருந்து மேலே கிளம்பி, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டியபடி கீழே இறங்கி, தொப்புள் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. மூளைக்கும் கைகளுக்கும் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் ரத்தமெல்லாம் இதன் கிளைகளில்தான் போக வேண்டும். இதற்கு முக்கியமாக இரண்டு விதத்தில் கெடுதல் வரும். ஒன்று வீக்கம். வயிற்றுப் பகுதியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய குழாய் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் சரிசெய்தாக வேண்டும். அதுவரை வலியே இருக்காது. வெடித்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். ஐன்ஸ்டீன் 1955-இல் இறந்தது இப்படி வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் வெடித்துத்தான்.

இன்னொன்று கிழிசல். குழாயின் உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால், முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் செத்துக்கொண்டே இருப்பார்கள் என்பது மருத்துவப் புத்தகங்களில் ரொம்ப காலமாக இருக்கும் கணக்கு. இதற்கு உடனே மார்பைத் திறந்து அறுவை செய்தாக வேண்டும். கீழே இறங்கும் பகுதியில் கிழிந்தால் முதல் வேலை ரத்த அழுத்தத்தை இறக்குவது, சிக்கல் இருந்தால் ஸ்டென்ட். இரண்டுக்கும் பெரிய காரணம் கட்டுப்படாத ரத்த அழுத்தம். பீடி, சிகரெட்டும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே குழாய்ச் சுவர் பலவீனமாக இருக்கும்.

கிழிசலில் சிக்கல் என்னவென்றால், அது மாரடைப்பு மாதிரியே வேஷம் போடும். திடீரென்று நெஞ்சில் வலி, அது முதுகுக்குப் பாயும். ஈ.சி.ஜி. எடுத்தால் பல சமயம் பெரிதாக ஒன்றும் தெரியாது. 'கேஸ் டிரபிள்' என்று ஊசி போட்டு அனுப்பலாம். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் அது இன்னும் மோசம், கிழிந்த குழாய்க்கு அதுவே எமன். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டுமே, அது எப்படி வரும்? பத்துப் பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பது, இரண்டு கையிலும் பிரஷர் பார்ப்பது. ஒரு கையில் நாடி பலமாகவும் மற்ற கையில் மங்கலாகவும் இருந்தால், இரண்டு கைக்கும் பிரஷரில் பெரிய வித்தியாசம் இருந்தால், மணி அடிக்க வேண்டும். தொடை இடுக்கிலும் நாடி பார்க்க வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இல்லாவிட்டாலும் கிழிசல் இருக்கலாம். அதனால் வலி எப்படி ஆரம்பித்தது, எங்கே போனது, எந்த நிமிஷம் உச்சத்துக்குப் போனது என்று நிதானமாகக் கேட்கவும் வேண்டும்.

கவனித்தீர்களா? தொட வேண்டும், பேச விட்டுக் கேட்க வேண்டும். நம்மவர்களுக்கு இந்த நாட்டில் நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்ட இரண்டும் இவைதான்.

இதைச் சொன்னால் உடனே "ஆஸ்பத்திரியில் எவன் சாதி பார்க்கிறான்?" என்று கேட்பார்கள். பார்க்கிறார்கள் என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் உள்ளிட்டவர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்ட நூலில், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுக்கிறார்கள் என்று பதிவாகியிருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சங்கமித்ரா ஆச்சார்யா, மருந்து கொடுக்கும்போதுகூட கைபடாமல் கொடுப்பதைப் பதிவு செய்தார். குரோம்பேட்டை குஜராத் கிராமம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஜி.எஸ்.டி. சாலையில் எந்த கவுண்ட்டரிலும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சட்டை சொல்லிவிடும், பேச்சு சொல்லிவிடும், விலாசத்தில் இருக்கும் தெருப் பெயர் சொல்லிவிடும். தோல் ஷெட்டிலிருந்தோ குப்பை வண்டியிலிருந்தோ நேராக வந்தவர் என்றால் உடம்பின் வாடை சொல்லிவிடும். தன்னைவிட இருபது வயது மூத்தவரை "என்னப்பா, குடிச்சிருக்கியா?" என்று ஒருமையில் கேட்கும்போதே அவருடைய வலி எந்த வரிசையில் போகப்போகிறது என்பது முடிவாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். மூட்டை தூக்கும் வேலை. ஒரு நாள் இரவு தோள்பட்டைகளுக்கு நடுவே கத்தியால் கிழித்த மாதிரி இருக்கிறது என்று துடித்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் "வெயிட் தூக்கினா இப்படித்தான், தசைப்பிடிப்பு" என்று ஒரு ஊசி. வலி நிற்கவில்லை என்று விடிகாலையில் இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போனோம். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் அவர் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. இடது கை ஜில்லென்று இருக்கிறது என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னார், "நீ வெளிய இரும்மா" என்றார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் ஸ்கேன் எடுத்து, பெருந்தமனி கிழிந்திருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். கத்திப்பாராவைத் தாண்டும்போது ஆம்புலன்ஸில் உயிர் போனது. மூட்டை தூக்குபவருக்கு முதுகுவலி வந்தால் அது மூட்டையால்தான் வந்திருக்கும் என்று முடிவு செய்ய ஒரு நொடி போதும். அதே வலியோடு ஒரு வங்கி மேலாளர் வந்திருந்தால் "வேறு என்னவாக இருக்கும்?" என்று யோசித்திருப்பார்கள். உழைக்கும் உடம்பின் வலிக்கு வேலையே காரணமாகிவிடுகிறது, அதனால் நோயைத் தேடுவதில்லை.

மருத்துவம் படிக்கும் தோழர்கள் இந்த இடத்தில் மறுப்பு சொல்வார்கள். இது அபூர்வமான நோய், ஒரு ராத்திரியில் ஐம்பது நெஞ்சுவலி வரும், ஒரே ஒரு டியூட்டி டாக்டர், யாரால் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியும் என்பார்கள். நியாயமான பேச்சு. பணக்காரர்களும் இதில் தப்புவதில்லை. ஹாலிவுட் நடிகர் ஜான் ரிட்டர் 2003 செப்டம்பரில் படப்பிடிப்பில் மயங்கி விழுந்து, மாரடைப்பு என்று சிகிச்சை பெற்று, அதே நாளில் பெருந்தமனிக் கிழிசலால் இறந்தார். ஆனால் அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். அவருடைய குடும்பம் வழக்குப் போட்டது, எந்த அறிகுறிக்கு எப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்று பிரச்சாரம் நடத்தியது. இங்கிலாந்தில் கிழிசலைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது பற்றி ஓர் அரசு விசாரணை அமைப்பே 2020-இல் தனி அறிக்கை வெளியிட்டது. அங்கே எந்த மருத்துவமனையில் எத்தனை பெருந்தமனி அறுவை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறார்கள். 65 வயதாகும் ஆண்களை அழைத்து வயிற்றில் ஒரு முறை அல்ட்ராசவுண்ட் பார்க்கும் திட்டம் 2013-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இங்கே மூட்டை தூக்குபவர் செத்தால் 'ஹார்ட் அட்டாக்' என்று ஒரு வரி. போஸ்ட்மார்ட்டம் இல்லை, கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் 'அபூர்வமான நோய்'. இந்த வட்டத்தை உடைக்காமல் அபூர்வம் என்ற சொல்லை நான் ஏற்கத் தயாரில்லை.

தமிழ்நாட்டில் எதுவுமே இல்லை என்று புலம்புவதும் பொய். மற்ற மாநிலங்களைப் பார்த்தால் நாம் நல்ல நிலையில் இருக்கிறோம். இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் சிகிச்சை தேடி ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வேலூருக்கும் சென்னைக்கும் வருகிறார்கள். நிலத்தை அடகு வைத்துவிட்டு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் அந்தக் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித் துறையே இருக்கிறது. கிண்டியில் 2023 ஜூனில் ஆயிரம் படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை திறந்தார்கள். தாம்பரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு 2025-இல் புதுக் கட்டடம் வந்தது. 108 இருக்கிறது. மாரடைப்புக்கு ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது உயிர் காக்கும் திட்டம், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அந்தப் பாதையில் இன்னும் ஒரு படி சேருங்கள் என்பதுதான் கோரிக்கை. நெஞ்சுவலி என்று வந்த எல்லோருக்கும் இரண்டு கையிலும் நாடி, இரண்டு கையிலும் பிரஷர், அந்த இரண்டு எண்ணும் ஓ.பி. சீட்டில் எழுதப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த மருத்துவமனையில் இப்போது சி.டி. ஓடுகிறது, எங்கே அறுவைக்கு ஆள் இருக்கிறார் என்று ஒரே போனில் தெரிய வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு இருபது கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினால் அந்த இருபது கிலோமீட்டருக்கு ஒரு ராத்திரி ஆகும்.

இந்த ஊரின் பெயரையே கொஞ்சம் யோசியுங்கள். குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் குரோம்பேட்டை. குரோமியம் உப்பில் தோலைப் பதப்படுத்தும் தொழில் இங்கே வேர் பிடித்தது. தோலைத் தொடுவது தீட்டு என்று ஒதுக்கி, அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகல்கேணியில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதை ஆய்வுக் கட்டுரைகளில் ஏறியாகிவிட்டது. அந்த உழைப்பில் பெயர் வாங்கிய ஊரில் இன்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக கண்ணாடி வைத்த மருத்துவமனைகள் நிற்கின்றன. உள்ளே பெருக்குபவர்களும் பிணம் தள்ளுபவர்களும் நம்மவர்கள். நோயாளியாக அதே வாசலில் நுழைந்தால் முதல் கேள்வி அட்வான்ஸ்.

ரத்த அழுத்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர் மட்டுமே. அதைப் பார்த்துத்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் நல்ல திட்டம். ஆனால் பகலில் வீட்டில் இருப்பவரைத்தான் அது தேடி வரும். காலை ஐந்தரைக்கு மஸ்டர் போட ஓடும் தூய்மைப் பணியாளரை யார் தேடுவது? அவர் மஸ்டர் போடும் இடத்திலேயே மாதம் ஒருமுறை பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தால் என்ன கேடு? பெருந்தமனி கிழிந்த பிறகு லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சையை, பல பேருக்கு வராமலே தடுப்பது இந்தச் சில்லறை மாத்திரைதான்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது வேறொரு நோயைச் சொல்ல வேண்டும். டாகாயாசு என்று ஒரு ஜப்பானிய மருத்துவர் 1908-இல் விவரித்த நோய். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுருங்கும், சிலருக்கு வீங்கும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. ஆசியாவில், இந்தியாவில் அதிகம் பேசப்படும் நோய் இது. கையில் நாடியே கிடைக்காது, அதனால் 'நாடியற்ற நோய்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. சானடோரியம் மெப்ஸில் ஷிஃப்ட் பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கை மரத்துப்போகிறது, களைப்பாக இருக்கிறது என்றால் என்ன சொல்வார்கள்? ரத்தசோகை, சாப்பிடுவதில்லை, டென்ஷன். ஒரு கையில் பிரஷர் காட்டவில்லை என்றால் மெஷின் ரிப்பேர் என்பார்கள். மறு கையில் பார்த்தால் 180 இருக்கும். பார்க்கிறார்களா? தலித் பெண்கள் ஆதிக்க சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் இளமையில் இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் எழுதியது. 39.5 வயதும் 54.1 வயதும்.  அந்தப் பதினான்கு ஆண்டுகள் ஏதோ ஒரு பெரிய நோயால் காணாமல் போகவில்லை. இப்படிப் பார்க்காமல் விட்ட மறு கைகளாலும் போனது.

காசு விஷயம். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பெருந்தமனி அறுவைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. சரி. ஆனால் அட்டை சர்ஜனை உருவாக்காது, நள்ளிரவில் ஸ்கேன் மெஷினை ஓட்டாது. பெருந்தமனிக்குள் வைக்கும் துணி சுற்றிய ஸ்டென்ட் ஒன்றே சில லட்சம். இதயத் தமனிக்கான சின்ன ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600. அதற்கு முன்பு லட்சத்துக்கு மேல் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைக் குறைப்பு தானாக வரவில்லை. பிரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். பெருந்தமனி ஸ்டென்டுக்கு அப்படி ஓர் உச்ச விலை கிடையாது. சட்டம் படிக்கும் தோழர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. இதயச் சிகிச்சைக் கருவியை இங்கே செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் செயற்கை இதய வால்வைச் சொந்தமாக உருவாக்கி 1990-இலேயே மனிதருக்குப் பொருத்தியதைச் சொல்லுங்கள்.

யார் சர்ஜன் ஆகிறார்கள்? இதைப் பொதுமேடையில் பேசவே கூச்சப்படுகிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் இடஒதுக்கீடு உண்டு, எம்.டி., எம்.எஸ்.ஸில் உண்டு. இதய அறுவை, ரத்தநாள அறுவை படிக்கும் எம்.சிஎச்.ஸில் சாதிவாரி இடஒதுக்கீடு கிடையாது. அந்த உயரத்தில் 'தகுதி' மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு மருத்துவர்களுக்கு உயர்சிறப்பு இடங்களில் 50 விழுக்காடு என்று தமிழ்நாடு 2020-இல் போட்ட ஆணைதான் ஒரு சின்னக் கதவு. அதுவும் நீதிமன்றத்தில் இழுபட்டு, 2022 மார்ச்சில்தான் நடைமுறைப்படுத்த அனுமதி கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போக முடியும். தலித் சர்ஜன் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நாகல்கேணி வாடையை வீட்டிலேயே அறிந்த ஒருவர் கேஷுவால்டியில் இருந்தால், அந்த வாடைக்குப் பின்னால் ஒரு நோயாளி இருப்பது அவர் கண்ணில் படும்.

இவ்வளவு செலவு பிடிக்கும் நோய்க்கு அரசு எப்படி எல்லோருக்கும் சிகிச்சை தரும் என்று கேட்பவர்களை நான் அடுத்த ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போவேன். தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், 1937-இல் அரசு ஏற்றது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளை எங்கும் தொட மறுத்தபோது இந்த மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. மருந்து பணக்காரர்களுக்குத்தான் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உலகம் முழுக்க நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. தொடக்கூடாதவர்கள் என்று விரட்டப்பட்டவர்களைத் தொட்டுச் சிகிச்சை கொடுத்த மருத்துவர்களும் செவிலியர்களும் இதே சாலையில்தான் வேலை பார்த்தார்கள்.

சட்டமும் கையில் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரில் பிழைத்தார். அவருடைய சங்கம் வழக்குப் போட்டது. அவசரச் சிகிச்சை தர மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவை மீறுவது, பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 25,000 ரூபாய். பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கு என்று தேடினால் கிடைக்கும், நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கைக் கொண்டு போனது ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். தாம்பரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்கு ஒன்று. கடந்த மூன்று ஆண்டுகளில் நெஞ்சுவலியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு சாயம் ஏற்றிய சி.டி. எடுக்கப்பட்டது? இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிக்குள் எத்தனை? பெருந்தமனி நோய் என்று கண்டறியப்பட்டு எத்தனை பேர் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள்? போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர்? நெஞ்சுவலி நோயாளியின் சீட்டில் இரண்டு கை ரத்த அழுத்தத்தையும் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். காப்பீட்டுத் திட்டத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து எத்தனை பெருந்தமனி அறுவைக்கு அனுமதி கேட்கப்பட்டது, எத்தனை மறுக்கப்பட்டது, அனுமதி கிடைக்க எத்தனை மணி நேரம் ஆனது என்ற கேள்வியைச் சுகாதாரத் திட்ட அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புங்கள். நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், அதைச் சாக்கு வைத்து மனுவைத் தள்ளிவிடுவார்கள், எண்களை மட்டும் கேளுங்கள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருக்கும் தோழர்கள் தங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கும் ஒன்று போடலாம். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் வந்ததும், அல்லது வராமல் போனதும், இங்கே சேர்த்து வைப்போம்.